புதைத்த ஜட்டிகள் போன வழி

"சிரிக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணுங்க. அப்புறம்தான் சொல்லுவேன்," என்றாள் பிரைடி.

ஸ்பைரோ நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தான். பக்கத்தில் நின்ற மெர்ல் டூஹி செய்யவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் அவரிடம் சத்தியம் வாங்கத் தேவையும் இல்லை.

"என் ஜட்டியைக் காணோம்."

ஸ்பைரோவின் சத்தியம் அந்த இடத்திலேயே காற்றோடு போயிற்று.

"நான் போட்டிருக்கிறது இல்லை!" பிரைடி பூட்ஸ் காலால் தரையை உதைத்தாள். "புதைச்சது! இந்த வயல்ல இருபத்துநாலு ஜட்டி புதைச்சேன். பாதி காணோம்!"

"போலீஸ்ல சொன்னியா?" என்றார் மெர்ல்.

"சொன்னேன். கான்ஸ்டபிள் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சார். அப்புறம் பேனாவை எடுத்து, சைஸ் என்னன்னு கேட்டார்."

வாம்புரா என்ற அந்தச் சிற்றூரில் துப்பறியும் நிறுவனம் என்று இருப்பது ஒன்றுதான். அதில் ஆட்கள் இரண்டு பேர்தான். மெர்ல் டூஹி சிட்னி விமான நிலையத்தில், வெளிநாட்டு மண்ணும் பூச்சியும் உள்ளே வராமல் தடுக்கிற தனிமைப்படுத்தல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பயணிகளின் செருப்பு அடியில் ஒட்டியிருக்கும் மண்ணைச் சுரண்டிப் பார்த்தே அவர்கள் எங்கே மேய்ந்துவிட்டு வருகிறார்கள் என்று சொல்லிவிடுவார். ஸ்பைரோ கலாரிஸ் தன் மாமாவின் பீட்ஸா கடையிலிருந்து வாய்க்கொழுப்புக்காகத் துரத்தப்பட்டவன். அந்த வாய் இன்றுவரை அடங்கவில்லை.

"சரி, பிரைடி. எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றான் ஸ்பைரோ. "விதை போட்டா கோதுமை முளைக்கும். ஜட்டி போட்டா என்ன முளைக்கும்? பேன்ட்டா?"

"ஒண்ணும் முளைக்காது. மக்கும். சுத்தமான பருத்தின்னா மண்ணுல இருக்கிற நுண்ணுயிருக்கு அது சாப்பாடு. மண்ணு உயிரோட இருந்தா ரெண்டு மாசத்துல துணியைத் தின்னுட்டு எலாஸ்டிக்கை மட்டும் துப்பிடும். செத்த மண்ணா இருந்தா, தோண்டி எடுத்துத் துவைச்சு நீங்களே போட்டுக்கலாம்."

"நன்றி. வேண்டாம்."

பிரைடி மண்ணியல் ஆய்வு மாணவி. வயலின் கிழக்குப் பாதியில் 'மண்ணமுது' என்ற திரவத்தைத் தெளித்திருந்தாள். அதை விற்கிற கெல்வின் ஸ்ட்ரட் அது செத்த மண்ணையும் எழுப்பி உட்கார வைக்கும் என்று சுற்று வட்டாரத்தில் எல்லாரிடமும் அளந்துகொண்டிருந்தார். மேற்குப் பாதி சும்மா கிடந்தது. எந்தப் பாதி ஜட்டி அதிகம் மக்குகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. இடையிடையே மண் விடும் மூச்சைப் பிடித்து அளக்கிற வெள்ளை டப்பாக்கள் கவிழ்த்துக் கிடந்தன. ஒவ்வொரு ஜட்டியையும் இடுப்புப் பட்டை மட்டும் தரைக்கு மேல் தெரிகிற மாதிரி செங்குத்தாகப் புதைத்து, பக்கத்தில் ஒரு முளைக்குச்சி அடித்திருந்தாள்.

"நேத்து வந்து பார்த்தேன். பாதிக் குச்சிகிட்ட பட்டையே இல்லை. நரி தோண்டியிருக்கும்னு எங்க புரொஃபசர் ரூபர்ட் சொல்றார். கெல்வின் வேலைன்னு மத்தவங்க சொல்றாங்க." அவள் குரல் இறங்கியது. "போன வருஷம் வெள்ளம் வந்து என் சோதனை மொத்தத்தையும் அடிச்சுக்கிட்டுப் போச்சு. இதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. நாளைக்குக் காலையில ஆய்வுக் குழு வந்து இங்கேயே நின்னு பார்க்கப் போகுது. ஒண்ணும் காட்டலைன்னா என் படிப்பை நிறுத்திடுவாங்க."

"மீதிப் பாதி இருக்கே, அதைக் காட்டு," என்றான் ஸ்பைரோ.

"அது செல்லாது. ஏன் எடுத்தாங்கன்னு தெரியாம மீதியை வச்சு ஒண்ணுமே சொல்ல முடியாது. நல்லா மக்கினதா பார்த்து எவனோ எடுத்திருந்தா? மக்காததா பார்த்து எடுத்திருந்தா? மிச்சம் இருக்கிறது எல்லாம் பொய் சொல்லும்." அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்ததில் கன்னத்தில் மண் ஒட்டிக்கொண்டது. ஸ்பைரோவுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வரவில்லை.

"காணாமப் போனது எந்தப் பக்கம்?" என்று கேட்டார் மெர்ல்.

"ரெண்டு பக்கமும். அங்கொண்ணு இங்கொண்ணு."

மெர்ல் மண்டியிட்டார். காலியான குச்சி ஒன்றின் பக்கத்தில் பேனாக் கத்தியை இறக்கி, கேக் வெட்டுவது போல ஒரு துண்டு வெட்டி எடுத்தார். மேலே புல், அதன் கீழே சாம்பல் நிற மேல்மண், அதற்கும் கீழே சிவப்புக் களிமண். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. புல்லின் ஓரம் மட்டும் லேசாகப் பழுத்திருந்தது.

"ஸ்பைரோ, நீ ஒரு குழி தோண்டித் திருடினா எப்படி மூடுவே?"

"மூடறதா? எடுத்துக்கிட்டு ஓடுவேன். போற போக்குல காலால ரெண்டு தள்ளு தள்ளுவேன்."

"நரியும் அதைத்தான் செய்யும். கெல்வினும் அதைத்தான் செய்வார். இந்த ஆளு கீழ்மண்ணைக் கீழேயும் மேல்மண்ணை மேலேயும் போட்டு, புல்லையும் திருப்பி ஒட்டிட்டுப் போயிருக்கான். திருட வந்த இடத்துல இவ்வளவு ஒழுங்கு யாருக்கு வரும்?"

பிரைடியின் முகம் வெளுத்தது. "எங்களுக்கு," என்றாள் மெல்ல. "முதல் நாளே சொல்லிக் குடுத்துடுவாங்க. அடுக்கு மாத்திப் போட்டா ராத்திரி தூக்கம் வராது எங்களுக்கு."

"அப்போ இது உங்க வீட்டுத் திருட்டு," என்றார் மெர்ல்.

ஸ்பைரோ வேலி ஓரமாக நடந்தான். தலையில் ஐஸ்கிரீம் டப்பா கவிழ்த்திருந்தான். வசந்த காலத்தில் அந்த வட்டாரத்து மேக்பை பறவைகள் மண்டையைக் குறிபார்த்துத்தான் இறங்கும். முள்கம்பியில் அங்கங்கே விரல் மோதிரம் அளவுக்குச் சிவப்பாக எதுவோ தொங்கிக்கொண்டிருந்தது.

"பாஸ், இங்க வரிசையா குளவி கூடு கட்டியிருக்கு. ஓட்டைக் கூடு. வேலை தெரியாத குளவி." விரலால் ஒன்றைச் சுண்டினான். அது பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"இன்னொண்ணு மேல கையை வச்சே, உன் விரலை உடைப்பேன்," என்று ஓடி வந்தார் மெர்ல். ஒன்றை அலுங்காமல் கழற்றி, சாண்ட்விச் டப்பாவில் வெஜிமைட் தடவிய ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்து மூடினார்.

"குளவி மேல உங்களுக்கு அவ்வளவு பாசமா பாஸ்?"

"இது படிச்ச குளவிடா," என்றார் மெர்ல்.

பிரைடியின் ஆய்வகத்தில் ஈர மண்வாசனையும் கருகிய டோஸ்ட் வாசனையும் கலந்து அடித்தன. கைகழுவும் தொட்டிக்கு மேல் தடித்த எழுத்தில் ஒரு பலகை தொங்கியது. 'முதலில் லேபிளைப் படி. பிறகு கையை வை. – ரூபர்ட் ஆன்ஸ்லி.' பலகை மாட்டப்பட்ட காலத்தில் பிரைடி பிறந்திருக்கவே மாட்டாள்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது. வயலில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். எல்லார் தலையிலும் புத்தம்புது ஜட்டி.

"புதைக்கிற நாள்ல அப்படித்தான்," என்றாள் பிரைடி. "தலையில மாட்டிக்கிட்டுத்தான் வயலுக்குப் போவோம். எங்க துறை வழக்கம்."

"எங்க சர்ச்ல பிஷப் போடற தொப்பியை விட இது நல்லா இருக்கு," என்றான் ஸ்பைரோ. மெர்ல் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அந்தப் படத்தைத் தேவைக்கு அதிகமாகவே பார்த்தார்.

தேநீர் போட்டுக்கொண்டிருந்த டெவிட்டா திரும்பினான். டோங்கா தீவுக்காரன். கதவை அடைத்து நிற்கிற உடம்பு, ஆனால் பூனைக்குட்டிக் குரல். அவனும் ஆய்வு மாணவன். அடுத்த வருஷத்துக்கு ஆய்வு இடம் ஒன்றுதான் இருக்கிறது, அதற்குப் பிரைடியும் அவனும் போட்டி என்று தெரிந்ததும் ஸ்பைரோவுக்கு மூக்கில் வியர்த்தது.

"பாஸ், ஆளு சிக்கிட்டான்," என்று காதைக் கடித்தான். "இந்தக் கைக்கு மண்வெட்டியே வேண்டாம்."

"நீங்க கிசுகிசுக்கிறது பக்கத்து ஊருக்கே கேக்குது தம்பி," என்றான் டெவிட்டா. "எனக்கு அந்த இடம் வேணும்தான். அதுக்காக இவ ஜட்டியைத் தூக்கணுமா? எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை உசுரோட புதைச்சிடுவாங்க."

மெர்ல் வயலிலிருந்து கொண்டுவந்த சிவப்புக் களிமண் உருண்டையை மேஜையில் வைத்தார். "இது என்ன மண்ணு, சொல்லேன் டெவிட்டா."

டெவிட்டா குப்பியிலிருந்து நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்தான். கட்டைவிரலால் நசுக்கி நசுக்கி நாடா போல இழுத்தான், அளவுகோலில் வைத்துப் பார்த்தான். "நல்ல களி. நாடா அறுகாம வருது பாருங்க." நாடாவைக் குப்பையில் எறிந்துவிட்டுக் கையைக் கழுவினான். சுத்தக்காரன்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு பேராசிரியர் ரூபர்ட் ஆன்ஸ்லி வந்தார். நரைத்த தாடி, அரைக்கால் சட்டை, முழங்கால்வரை மண். நாட்டில் பாதி மண்ணியல்காரர்கள் அவரிடம் பாடம் கேட்டவர்கள்தான்.

"நரிதாங்க," என்றார் வந்ததும் வராததுமாக. "இதுக்குப் போய்த் துப்பறியறவங்களைக் கூப்பிட்டுக்கிட்டு. பிரைடிக்கு நான் வேற சோதனை அமைச்சுத் தரேன்னு குழுகிட்ட கேட்டுப் பார்க்கறேன்."

"கேட்டா குடுப்பாங்களா?"

"கஷ்டம்தான்." அவர் பிரைடியின் பக்கம் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே மேஜையில் கிடந்த களிமண்ணில் ஒரு விள்ளல் கிள்ளினார். "போன தடவை வெள்ளம். இந்தத் தடவை நரி." உள்ளங்கையில் எச்சிலைத் துப்பினார். "வயல்னா அப்படித்தான், எதுவும் நம்ம கையில இல்லை பாருங்க." பிசைந்தார், நசுக்கினார், நாடா இழுத்தார். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது, கண் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. நாடாவின் இரண்டு முனையையும் ஒட்டி மோதிரமாக்கி, சாவி மாட்டும் ஆணியில் தொங்கவிட்டார்.

ஸ்பைரோவின் வாய் திறந்தது. மெர்ல் அவன் காலை மிதித்தார். வாய் மூடிக்கொண்டது.

"ரூபர்ட், ஒரே ஒரு கேள்வி," என்றார் மெர்ல். "ஜட்டி வாங்கினது யாரு?"

பேராசிரியருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"அவர்தான்," என்றாள் பிரைடி. "நான் மூச்சு டப்பாக்களோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். பாவம், அவரே கடைக்குப் போய் வாங்கிட்டு வந்தார்."

"ஒரே கடையிலயா?"

"எனக்கு ஒரு கூட்டம் இருக்கு," என்றார் பேராசிரியர். கதவு சாத்திக்கொண்டது. இத்தனை வேகமாக அவர் நடந்து பார்த்ததே இல்லை என்றான் டெவிட்டா.

பேராசிரியர் வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்பைரோ வண்டியை ஓட்டினான், வாயையும் ஓட்டினான். பிரைடி பின்சீட்டில் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

"மோதிரம் அவருதுதான், ஒத்துக்கறேன். குழிக்கு ஒரு மோதிரம்னு வேலியில மாட்டிட்டுப் போயிருக்கார். ஆனா தன் மாணவி தலையிலேயே எதுக்கு பாஸ் மண்ணைப் போடணும்? அதுவும் அடுக்கு மாறாம?"

"அந்தப் படத்துல என்ன பார்த்தே?"

"படிச்சவங்க தலையில ஜட்டியைப் பார்த்தேன்."

"பட்டை என்ன நிறம்?"

ஸ்பைரோ யோசித்தான். "டெவிட்டாவுக்கு நீலம். பிரைடிக்கு வெள்ளை. பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்கு இது."

"இப்போ வயல்ல மிச்சம் இருக்கிறது?"

"எல்லாம் அழுக்குதான்." பின்சீட்டிலிருந்து பதில் சொன்ன பிரைடி சட்டென்று நிமிர்ந்தாள். "அழுக்கு வெள்ளை. நீலம் ஒண்ணு கூட இல்லை! நான் குச்சி நம்பரைத்தான் பார்த்தேன், பட்டையைப் பார்க்கவே இல்லை."

"திருடன் மண்ணைப் பார்த்து எடுக்கலை. பட்டையைப் பார்த்து எடுத்திருக்கான்," என்றார் மெர்ல். "ரூபர்ட் வீடு வந்தாச்சு, வண்டியை இங்கேயே நிறுத்து. ஸ்பைரோ, வேலி ஏறு."

"நான்தான் ஏறணுமா?"

"எனக்கு முட்டி வலி. உனக்கு வாய் மட்டும்தானே கோளாறு?"

ஸ்பைரோ டப்பாவைத் தலையில் அழுத்திக்கொண்டு ஏறினான். உச்சிக்குப் போனதும் மேக்பை ஒன்று டப்பாவின் மேல் டங்கென்று இறங்கியது. அவன் வேலிக்கு அந்தப் பக்கம் ரோஜாச் செடியில் விழுந்தான். நிமிர்ந்து பார்த்தபோது தலைக்கு மேலே, புல்வெளி நடுவில் நின்ற சுழலும் துணிக்கொடியில், நீலப் பட்டை ஜட்டிகள் வரிசையாகக் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. சிவப்புக் கறை போகத் துவைத்திருந்தார்கள். ஒன்றில்கூடக் கிழிசல் இல்லை.

"பாஸ்!" என்று கத்தினான். "எல்லாரும் இங்கதான் இருக்காங்க! நல்ல ஆரோக்கியமா இருக்காங்க!"

"லேபிளைப் படி!"

ஸ்பைரோ முள்ளைப் பிடுங்கிக்கொண்டே எட்டிப் படித்தான். "பருத்தி கொஞ்சம். பாலியஸ்டர்... பாஸ், பாதிக்கு மேல பாலியஸ்டர்!"

பின்கதவு திறந்தது. கையில் துணிக்கூடையோடு பேராசிரியர் நின்றார். கூட்டத்துக்குப் போனவர் இங்கே கூட்டத்தைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி ஆனார். மெர்ல் பக்கவாசல் வழியாக, பிரைடியோடு, நிதானமாக உள்ளே வந்தார்.

"ரூபர்ட்," என்றாள் பிரைடி.

அவர் கூடையைக் கீழே வைத்தார். "கல்லாவுல மார்ஜரி இருந்தா," என்றார் தரையைப் பார்த்து. "என் மாஜி மனைவியோட தங்கச்சி. முதல் ஜட்டிக் கட்டை எடுத்துக்கிட்டுப் போனதுக்கே, 'இத்தனை எதுக்கு ரூபர்ட், புதுசா யாராவது உண்டா?'ன்னு கடை முழுக்கக் கேக்கற மாதிரி கேட்டா. அந்தக் கட்டு பத்தலை. திரும்ப அவ முன்னாடி போகவே கூசிச்சு. வேற கடைக்குப் போய், தள்ளுபடிக் கூடையில கிடந்ததை அள்ளிக்கிட்டு ஓடி வந்துட்டேன்."

"லேபிளைப் படிக்காம," என்றான் ஸ்பைரோ.

"படிக்காமதான். அந்தத் தள்ளுபடி ஜட்டியில ஒண்ணு மிஞ்சிச்சு. சும்மா கிடக்குதேன்னு போன வாரம் போட்டுக்கிட்டேன். அரிச்சுது. கழற்றிப் பார்த்தா..." அவர் முகத்தை மூடிக்கொண்டார். "பாலியஸ்டர் எப்படிம்மா மக்கும்? நாளைக்கு நீ தோண்டினா பாதி ஜட்டி முழுசா வரும். உயிருள்ள மண்ணைச் செத்த மண்ணுன்னு எழுதுவே. அது பொய் ஆயிடும். அதான் எடுத்தேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"முப்பது வருஷமா அந்தப் பலகையைக் காட்டித்தான் எல்லாரையும் திட்டியிருக்கேன் பிரைடி. எப்படிச் சொல்றது?"

"சரி, எடுத்தீங்க. துவைச்சு எதுக்கு மாட்டினீங்க?" என்று ஸ்பைரோ நிஜமான ஆர்வத்தோடு கேட்டான்.

"குப்பையில போட்டா பக்கத்து வீட்டுக்காரங்க பார்ப்பாங்க. எரிச்சா பிளாஸ்டிக் புகை, மனசு வராது. புதைக்கலாம்னா..." பேராசிரியர் பரிதாபமாக நிறுத்தினார். "அதுதான் மக்கவே மக்காதே."

ஸ்பைரோ ரோஜாச் செடிக்குள் மறுபடி உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிரைடி சிரிக்கவில்லை. அவள் வேறு எதையோ வேகமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ரூபர்ட், பட்டையைப் பார்த்து மட்டும்தான் எடுத்தீங்களா? துணி மக்கியிருக்கா இல்லையான்னு பார்த்து ஒண்ணு கூட எடுக்கலையே?"

"நீலம்னா எடுத்தேன். வெள்ளைன்னா தொடலை."

"நீலம் ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம."

"நான் கண்ணை மூடிக்கிட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் எதை எங்க புதைக்கிறதுன்னு முடிவு பண்ணினேன்!" அவள் குரல் எகிறியது. "ரெண்டு பக்கமும் நீலமும் வெள்ளையும் கலந்துதான் இருந்திச்சு. அப்போ வயல்ல இருக்கிற வெள்ளை அத்தனையும் சுத்தப் பருத்தி. அத்தனையும் செல்லும்! சோதனை சின்னதாச்சு, கெட்டுப் போகலை!"

பேராசிரியர் தலையைத் தூக்கினார். முப்பது வருஷம் பாடம் நடத்தியவருக்கு இது தோன்றவே இல்லை. வெட்கம் அவ்வளவு கண்ணை மறைத்திருந்தது.

"ஜட்டி காணாமப் போனது இவளைக் கெடுக்கலை," என்றார் மெர்ல். "காரணம் காணாமப் போனதுதான் கெடுத்துது. அதை நாளைக்குக் குழு முன்னாடி யாராவது சொல்லணும் ரூபர்ட். இவ சொன்னா சாக்கு சொல்றான்னு நினைப்பாங்க."

பேராசிரியர் கொடியில் சுற்றுகிற ஜட்டிகளைப் பார்த்தார். கூடையை எடுத்து, அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட ஆரம்பித்தார்.

மறுநாள் காலை குழு வயலில் வந்து நின்றது. மூன்று பேரும் இறுகிய முகக்காரர்கள். பிரைடி மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நின்றாள். டெவிட்டா லாமிங்டன் கேக் தட்டோடு வந்திருந்தான், ஆனால் யாரும் எடுக்கவில்லை. பேராசிரியரை மட்டும் காணோம்.

"வர மாட்டார் பாஸ்," என்றான் ஸ்பைரோ.

"உங்க வழிகாட்டி எங்கே?" என்று குழுத் தலைவி கடிகாரத்தைப் பார்த்தார்.

வயல்வேலிக் கதவு கிறீச்சிட்டது. ரூபர்ட் ஆன்ஸ்லி வயலுக்கு நடுவே நேராக நடந்து வந்தார். தோளில் ஆய்வகத்துப் பலகை. தலையில், காதுவரை இழுத்து மாட்டிய, நீலப் பட்டை ஜட்டி.

குழுத் தலைவியின் பேனா கீழே விழுந்தது.

"இது பாலியஸ்டர்," என்றார் பேராசிரியர் உரத்த குரலில், தலையைத் தொட்டுக் காட்டி. "இதை வாங்கினவன் நான். லேபிளைப் படிக்காதவன் நான். ராத்திரியில வந்து தோண்டி ஒளிச்சவனும் நான். இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை. வெள்ளைப் பட்டை எல்லாம் சுத்தப் பருத்தி. தோண்டு பிரைடி."

பிரைடி கிழக்குப் பக்கம் ஒன்றைத் தோண்டினாள். வெள்ளை எலாஸ்டிக் மட்டும் வந்தது, அதில் நாலு நூல் தொங்கியது. மேற்குப் பக்கம் தோண்டினாள். அதுவும் அப்படியே. அடுத்து ஒன்று, அடுத்து ஒன்று. மண்ணமுது குடித்த மண்ணும் குடிக்காத மண்ணும் ஒரே பசியில் தின்று தீர்த்திருந்தன.

"கெல்வினுக்கு யாராவது சொல்லி விடுங்க," என்றான் டெவிட்டா. "அவரோட திரவத்தை அவரே குடிச்சுக்கட்டும்."

குழுத் தலைவி எலாஸ்டிக்குகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். பிறகு பிரைடியைப் பார்த்தார். "ஆய்வேட்டை எழுத ஆரம்பிங்க," என்றார். பிரைடி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மேக்பை ஒன்று வானத்திலிருந்து இறங்கியது. பேராசிரியர் தலையிலிருந்த ஜட்டியைப் பட்டையோடு கவ்வி, வேலியைத் தாண்டிப் பறந்தது. நாட்டில் பாதி மண்ணியல்காரர்களுக்குப் பாடம் சொன்னவர் கையை வீசிக்கொண்டு அதன் பின்னால் ஓடினார்.

ஸ்பைரோவின் பக்கத்தில் ஒரு விநோதமான சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். மெர்ல் டூஹி வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சுத் திணறத் திணறச் சிரித்துக்கொண்டிருந்தார்.